மூச்சு வாங்க நடக்கணும்: அறுபதைத் தாண்டியவர்களின் மூளைக்கு ஒரு நடைத் திட்டம்

என் அப்பாவுக்கு இப்போது 71 வயது. மயிலாப்பூரில் இருக்கிறோம், நாகேஸ்வர ராவ் பார்க் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இருபது வருடமாகத் தினமும் காலையில் வாக்கிங் போகிறவர் என்பதால் அவருடைய உடற்பயிற்சியைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்பட்டதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், சாவியை எங்கே வைத்தோம், கரண்ட் பில் கட்டினோமா என்று அவர் அடிக்கடி தடுமாற ஆரம்பித்தபோதுதான் ஒரு நாள் நானும் கூடவே கிளம்பிப் போனேன். மெதுவாக இரண்டு சுற்று, அப்புறம் பெஞ்ச், பேப்பர், நண்பர்களோடு அரை மணி நேரம் பேச்சு. வீடு திரும்பும்போது நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. நண்பர்களோடு பேசுவது மனசுக்கும் மூளைக்கும் நல்லதுதான், அதைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் இதயத்துக்கு வேலையே இல்லை. நடையால் மூளைக்குப் பலன் வேண்டுமென்றால் இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும், மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களுக்கே அறுபது தாண்டியிருக்கலாம், அல்லது வீட்டில் அம்மாவோ அப்பாவோ மாமனாரோ இருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

காலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்

மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. நேற்று யாரைப் பார்த்தோம், வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதையெல்லாம் பதிய வைப்பது அதுதான். வயதாக ஆக அது வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு ஆய்வில் 55 வயதிலிருந்து 80 வயது வரையான 120 பேரை எடுத்து, பாதிப் பேரை வாரம் மூன்று நாள் வேகமாக நடக்கவும் மீதிப் பேரை உடம்பை நீட்டி வளைக்கும் லேசான பயிற்சி செய்யவும் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நடந்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. அவர்கள் செய்ததெல்லாம் வேக நடைதான், ஜிம் கிடையாது, எடை தூக்கவில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அதே ஆய்வில் ஞாபகப் பரீட்சை வைத்தபோது இரண்டு குழுவுமே கொஞ்சம் முன்னேறியது, நடந்தவர்கள் தனியாக முந்திவிடவில்லை. அதற்கப்புறம் வந்த ஆய்வுகளிலும் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதனால் "நடந்தால் மறதி நோய் வராது" என்று யாராவது வாட்ஸாப்பில் அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். நான் நம்புவதற்குக் காரணம் வேறு. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் குழு ஒன்று டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி நோய்க்கு, நாம் மாற்றக்கூடிய காரணங்களாக 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது, அவற்றையெல்லாம் சரி செய்தால் உலகத்தில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. உடலுழைப்பு இல்லாதது அதில் ஒன்று. அது போக பிரஷர், சுகர், கெட்ட கொழுப்பு, உடல் பருமன், மனச்சோர்வு, தனிமை எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன, நாலு பேரோடு சேர்ந்து ஒழுங்காக நடந்தால் இத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் குறையும். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுப்பது பெரும்பாலும் பிரஷரும் சுகரும்தான். நம் நாட்டில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும் என்று 2023-இல் வந்த கணக்கு சொல்கிறது. காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்கு இவ்வளவு காரணம் எனக்குப் போதும்.

கிளம்புவதற்கு முன்னால்

மறதி ஏற்கெனவே எட்டிப் பார்க்கிறது என்றால் முதலில் டாக்டர். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், நாள்பட்ட தூக்க மாத்திரை என்று மருந்தாலோ மாற்றத்தாலோ சரியாகக்கூடிய காரணங்கள் எத்தனையோ உண்டு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், சுகருக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறவர்கள் பி12-ஐக் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கு அதுதான் ரொம்பக் குறைவாக இருந்தது.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், நடந்தால் நெஞ்சு அடைப்பது போல உணர்கிறவர்கள், சமீபத்தில் விழுந்தவர்கள், இவர்களெல்லாம் டாக்டரிடம் கேட்காமல் வேக நடை ஆரம்பிக்கக் கூடாது. நடக்கும்போது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது வயசான வலி என்று ஒதுக்குகிற விஷயம் இல்லை, காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம்.

ஷூ வாங்குங்கள். சாயந்தரம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி சரியான அளவு தெரியும். ஹவாய் செருப்பில் வேகமாக நடந்தால் வழுக்கிவிடும், வார் அறுந்தால் இன்னும் மோசம். என் அம்மா "புடவைக்கு ஷூ போட்டா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டார். இப்போது பார்க்கில் புடவையும் ஷூவுமாக ஒரு கூட்டமே நடக்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. புடவைக் கொசுவத்தை மட்டும் கணுக்காலுக்கு மேலே இருக்கும்படி கட்டுங்கள். சுகர் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், கொப்புளம் வந்தாலே தெரியாது, ஆகவே தினமும் வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும், குனிய முடியாவிட்டால் கீழே ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு வேகம்

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுதான் அளவு. பக்கத்தில் வருகிறவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிகிறது, ஆனால் ஒரு பாட்டின் பல்லவியைப் பாட முயன்றால் நடுவில் மூச்சுக்கு நிறுத்த வேண்டியிருக்கிறது என்றால் சரியான வேகம். முழுப் பாட்டும் பாட முடிந்தால் மெதுவாக நடக்கிறீர்கள். ஒரு வார்த்தை பேசவே திணறினால் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு வழி, 15 விநாடிக்கு 25 காலடி, அதாவது நிமிடத்துக்கு 100 அடி. ஆனால் ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு 80 அடியிலேயே மூச்சு வாங்கும், அவர்களுக்கு அதுவே வேக நடை, இன்னொருவரோடு ஒப்பிடத் தேவையே இல்லை.

கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பைப் பார்த்து நடக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை எடுத்தால் துடிப்பு அவ்வளவாக ஏறாது. இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கலாம் என்று 220-இலிருந்து வயதைக் கழிக்கிற கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது, அந்த எண்ணைப் பிடிக்கப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுதான் அளவுகோல்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள்

உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. ஆனால் இந்த எண்ணை முதல் நாளே அப்பா அம்மாவிடம் சொல்லாதீர்கள், மலைத்துப் போவார்கள். நான் முதலில் சொன்னேனே, அந்த 2011 ஆய்வில் எல்லாரும் 10 நிமிடத்தில்தான் ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஏழாவது வாரம் 40 நிமிடத்துக்கு வந்தார்கள். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம். முதல் வாரம் திங்கள், புதன், வெள்ளி 10 நிமிடம் மட்டும். அப்பாவுக்கு அது அவமானமாகக்கூட இருந்தது, "பத்து நிமிஷம் ஒரு நடையா" என்றார். "பத்து நிமிஷம் நிக்காம, வேகமா நடங்கப்பா, அப்புறம் பெஞ்ச்ல உக்காருங்க" என்றேன். ஐந்தாவது நிமிடத்தில் அவருக்கே புரிந்துவிட்டது.

முதல் மூன்று நாலு நிமிடம் மெதுவாக, கடைசி மூன்று நாலு நிமிடம் மெதுவாக, நடுவில்தான் வேகம். வேகமாக நடந்துகொண்டிருந்துவிட்டு சட்டென்று நிற்கக் கூடாது, பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றிவிடும். ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் விட்டுப்போனால் விட்ட இடத்தில் ஆரம்பிக்காதீர்கள், இரண்டு வாரம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். 40 நிமிடம் மூன்று நாள் பழகிவிட்டால் நாலாவது நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 150 நிமிடம் தானாக வந்துவிடும்.

"வீட்டு வேலை செய்யறதே போதாதா" என்று அம்மாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 78,000 பேருக்கு மேல் கையில் கருவி கட்டி எண்ணிய ஒரு ஆய்வு 2022-இல் வந்தது, அதில் நாள் முழுக்க எடுத்து வைத்த எல்லா அடிகளும் சேர்த்தி, எங்கே நடந்தது என்று பார்க்கவில்லை. நாளைக்கு 3,800 அடி நடந்தவர்களுக்கே டிமென்ஷியா வாய்ப்பு கால் பங்கு குறைவாகத் தெரிந்தது, 9,800 அடி வரை பலன் கூடிக்கொண்டே போனது. இது கவனித்து எழுதிய கணக்கு, நடையால்தான் குறைந்தது என்று நிரூபிக்கவில்லை, ஆனாலும் வீட்டு வேலையை ஒன்றுமில்லை என்று தள்ள முடியாது. அந்த ஆய்விலேயே வேகமாக நடந்தவர்களுக்கு இன்னும் நல்ல பலன் தெரிந்தது. வீட்டு வேலை விட்டு விட்டு நடக்கும், மூச்சு ஏறுவதற்குள் நின்றுவிடும். அதனால் வேலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கு மேலே நிற்காத பத்து நிமிடம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். "நீ செய்யறது எக்சர்சைஸே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள், நாற்பது வருடம் வீட்டைத் தாங்கியவரிடம் சொல்கிற வார்த்தை இல்லை அது.

சென்னையில் எங்கே, எப்போது

கத்திரி வெயிலில் ஏழு மணிக்கே சூடு ஏறிவிடும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புங்கள். நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் பெரிய தொல்லை, வியர்வை காயாமல் உடம்பு சூட்டை இறக்க முடியாது, வயதானவர்களுக்குத் தாகமும் சரியாக எடுக்காது. கிளம்பும் முன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், தண்ணீர் அளவாகக் குடிக்கச் சொல்லப்பட்ட இதய, சிறுநீரக நோயாளிகளும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புழுக்கமான நாளில் அதே வேகத்துக்கு மூச்சு அதிகம் வாங்கும், அன்றைக்கு வேகத்தைக் குறைப்பதுதான் சரி.

இடம் என்றால் என் கணக்கில் முதல் தகுதி சமதரை, இரண்டாவது உட்கார பெஞ்ச், மூன்றாவது கழிவறை. கழிவறையைப் பற்றி யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் எத்தனையோ பெரியவர்கள் வாக்கிங்கை நிறுத்துவதே அதனால்தான். அண்ணா நகர் டவர் பார்க், மெரினாவின் நடைபாதை, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை எல்லாம் காலையில் நன்றாக இருக்கும். கடற்கரை மணலில் வேக நடை வேண்டாம், கணுக்கால் பிசகும். பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் தொடங்கிய 8 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது, அதை முழுசாக முடிக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள், உங்கள் பத்து நிமிடத்துக்கு அதில் ஒரு துண்டு போதும். தெருவில்தான் நடக்க வேண்டும் என்றால் பஸ் போகும் மெயின் ரோட்டை விட்டு உள் தெருவாகப் பாருங்கள், புகையும் அந்த 14 காரணங்களில் ஒன்று. நம் பிளாட்பாரங்கள் ஏறி இறங்கி ஏறி இறங்கித்தான் இருக்கும், கண் தெளிவில்லாதவர்களை விடியும் முன் அதில் அனுப்பாதீர்கள்.

போகி அன்று காலையில் வெளியே போகவே வேண்டாம். தீபாவளிக்கு மறுநாளும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கே பள்ளம், எங்கே மூடி திறந்திருக்கிறது என்று தண்ணீருக்கடியில் தெரியாது, அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குள்தான். ஹாலில் டிவி பாட்டுக்கு முழங்காலைத் தூக்கித் தூக்கி நின்ற இடத்திலேயே நடக்கலாம். எட்டு போட்டு நடப்பது நம் ஊரில் ரொம்பப் பிரபலம், திரும்பித் திரும்பி நடப்பதால் உடம்பின் நிலை தடுமாறாமல் இருக்கப் பழகும், ஆனால் அதை மெதுவாக நடந்தால் மூச்சு ஏறாது. அது எல்லா நோயையும் தீர்க்கும் என்று சுற்றி வருகிற செய்திகளுக்கு ஆதாரம் இல்லை.

லோ சுகர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பயந்துபோன விஷயம். அப்பா சுகருக்கு கிளிமெபிரைடு மாத்திரை எடுக்கிறார், சில சமயம் ரத்தத்தில் சர்க்கரையை ரொம்ப இறக்கிவிடக்கூடிய வகை அது. ஒரு நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபன் வந்து சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றில் கிளம்பிவிட்டார். இருபதாவது நிமிடத்தில் பார்க் வாசலில் கை நடுங்கி, சட்டை நனைந்து, நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். எதிரே இருந்த டீக்கடையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் வேக நடை போகக் கூடாது, மாத்திரை நேரத்தையும் நடை நேரத்தையும் டாக்டரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். கொடுத்து 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை வந்தால் "வாயுதான், ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்" என்று உட்கார்ந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்கும் 108தான்.

மூட்டு வலிக்காரர்களுக்கு

தேய்ந்த மூட்டுக்கு நடக்காமல் இருப்பதுதான் அதிகக் கெடுதல், சுற்றியுள்ள தசை தளர்ந்து வலி கூடும். நடந்தபின் லேசாக வலித்து மறுநாளைக்குள் குறைந்துவிட்டால் பரவாயில்லை. அடுத்த நாளும் நிற்கிறது, வீங்குகிறது என்றால் நேரத்தைப் பாதியாக்குங்கள். நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிள் நல்லது, சீட்டை உயரமாக வையுங்கள். கும்மியும் கோலாட்டமும் தெரிந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்தால் அதைவிட நல்ல பயிற்சியே வேண்டாம், மூச்சும் வாங்கும், அடவையும் ஞாபகம் வைக்க வேண்டும்.

நடை மட்டும் போதாது, கால் பலமும் வேண்டும், விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் எல்லாமே நின்றுபோகும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை எட்டுப் பத்துத் தடவை செய்யுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், அப்புறம் ஒற்றைக் காலில் பத்து விநாடி. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அம்மா இதையெல்லாம் முடித்துவிடுகிறார்.

ஏற்கெனவே டிமென்ஷியா வந்தவர்களுக்கு

இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2018-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், நோய் வந்துவிட்டவர்களுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தும் ஞாபகம் குறைவது தாமதமாகவில்லை. அதனால் "நடந்தா சரியாயிடும்" என்று அவர்களை விரட்டாதீர்கள், திட்டாதீர்கள். ஆனால் பகலில் மெதுவாகக் கூட்டிப் போய் வந்தால் கால் பலம் போகாமல் இருக்கும், பல பேருக்கு ராத்திரித் தூக்கமும் மனநிலையும் கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும். எப்போதும் கூட ஒருவர், தினமும் ஒரே வழி, சட்டைப் பையில் வீட்டு போன் நம்பர் எழுதிய அட்டை. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இலிருந்து இயங்குகிறது, எங்கே காட்டுவது என்று தெரியாமல் நிற்பவர்கள் அங்கே போகலாம்.

விட்டுப்போகாமல் இருக்க

அறிவுரை சொல்லி யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. கூடப் போனால் நடப்பார்கள். எனக்கு வேலை நாளில் முடியாது என்பதால் புதன்கிழமைக்கு மாடி வீட்டு மாமாவைச் சேர்த்துவிட்டோம், வெள்ளிக்கிழமை அம்மா கூடப் போகிறார், ஞாயிறு நான். ஒருவர் வாசலில் வந்து "கிளம்பலாமா" என்று நின்றுவிட்டால் மற்றவரால் மறுக்க முடியாது. ரோட்டில் நடக்கும்போது காதில் எதையும் மாட்டாதீர்கள், பின்னால் வருகிற பைக் கேட்காது. பேசிக்கொண்டே நடக்கும்போது, பேச்சு வந்ததும் கால் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். பேசினால் நடக்க முடியாமல் நிற்கிறவர்கள் விழ வாய்ப்பு அதிகம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்கும் முன் அன்றைக்கு நடந்த நிமிடத்தை அப்பா பேனாவால் எழுதுகிறார், கிழித்த தாள்களை கிளிப் போட்டு வைக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கில் மூன்று சுற்றுக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கிறோம். ஆரம்பத்தில் 19 ஆனது, போன மாதம் 15. சாவியை இன்னும் சில நாள் தேடுகிறார்தான். கரண்ட் பில் கட்ட வேண்டிய தேதியைப் போன தடவை அவரே எனக்கு ஞாபகப்படுத்தினார்.